இரண்டு மணி நேர விருந்தாளி

தையல்காரி கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்ததைப் பார்த்து முதலில் சிரித்தவர் லாரிக்காரர்தான். ஒரு தாளில் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். அவள் கொண்டுவந்தது ஆறு தாள். முன்னும் பின்னும் எழுதி, மூலையில் குண்டூசி குத்தியிருந்தாள்.

"என்னக்கா இது, வீட்டுப் பத்திரமா?"

"அவரைப் பத்தி எழுதச் சொன்னீங்க, எழுதினேன்."

"ஒரு மனுஷனை ரெண்டு மணி நேரம் பாத்துக்க ஆறு தாளா? எங்கிட்ட இருபது டன் லாரியை ஒப்படைச்சப்பகூட முதலாளி சாவியைத்தான் குடுத்தாரு."

"லாரி பாலைத் துப்பாது" என்றாள் தையல்காரி.

அந்த அறை ஆஸ்பத்திரியின் பின்பக்கம் இருந்தது. காலையில் கைகால் விழுந்தவர்கள் இரும்புக் கம்பியைப் பிடித்து நடை பழகுவார்கள். புதன்கிழமை மூன்று மணியானால் ரப்பர் பந்துகளை மூலைக்கு உருட்டிவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களின் கூட்டம் அது. எட்டுப் பத்துப் பேர் வருவார்கள். நோயாளிகளைக் கூடவே அழைத்து வந்தால், பக்கத்து அறையில் பயிற்சி நர்சுகள் பார்த்துக்கொள்வார்கள். நடத்துகிற மேடம் சின்ன வயதுக்காரி. சமையலறையில் முட்டை வேகவைக்க வைக்கும் மணிக்கடிகாரம் ஒன்றை மடியில் வைத்திருப்பாள். ஆளுக்கு ஆறு நிமிஷம். 'கிர்' என்றால் அடுத்தவர்.

தையல்காரி முதல் தடவை வந்த அன்று தன் ஆறு நிமிஷத்தையும் வீட்டுக்காரரின் மாத்திரை, மலச்சிக்கல், தூக்கம் என்றே செலவழித்தாள். மணி அடித்தது. "அது அவர். நீங்க எப்படி இருக்கீங்க?" என்று மேடம் கேட்டாள். தையல்காரி வாயைத் திறந்தாள், மூடினாள். யாரோ தெரியாத பாஷையில் விலாசம் கேட்டமாதிரி முழித்தாள். பக்கத்தில் இருந்த தபாலக்கா, தபாலாபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்திவிட்டு இப்போது வலிப்புநோய்க்காரத் தம்பியைப் பார்த்துக்கொள்கிறவள், அவள் முழங்கையைத் தட்டினாள். "விடும்மா. எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் வர நாலு மாசமாச்சு. வந்ததும் அழுகைதான்."

அந்தக் கூட்டத்தில் ஒரு ஏற்பாடு இருந்தது. சனிக்கிழமைதோறும் ஒருவருக்கு இரண்டு மணி நேரம் லீவு. கூட்டத்தில் இருக்கிற இன்னொருவர் அந்த வீட்டுக்கு முறைக்குப் போவார். முறைக்குப் போகிறவர் விருந்தாளிபோல் உட்காரவேண்டும். பாத்திரம் கழுவக்கூடாது, துணி மடிக்கக்கூடாது. நோயாளி என்ன சொன்னாலும் 'அப்படி இல்லை, இப்படி' என்று திருத்தக்கூடாது. சாப்பிட்டாரா, தூங்கினாரா என்பதை அன்றைக்கே சொல்லிவிடலாம். ஆனால் அவர் பேசியதை மட்டும் பேசினபடியே எழுதி வைத்திருந்து, புதன்கிழமை எல்லோர் முன்னாலும் படிக்கவேண்டும். "தனியா வாங்கிக்கிட்டா சில வார்த்தை கனமா இருக்கும். பத்துப் பேரா பிடிச்சுக்கலாம்" என்று மேடம் காரணம் சொல்லியிருந்தாள்.

லீவு கிடைத்தவர்கள் என்ன செய்வார்கள் என்கிறீர்கள்? சிரிக்காதீர்கள். லாரிக்காரர் படுத்த படுக்கையாக இருக்கும் தாயாரை விட்டு முதல் லீவில் கிளம்பி, எங்கே போவது என்று தெரியாமல், நேரே இதே ஆஸ்பத்திரிக்கு வந்து மருந்துக் கவுண்டர் வரிசையில் நின்றிருக்கிறார். முறை வந்ததும் 'என்ன வேணும்' என்று கேட்டார்களாம். 'ஒண்ணும் வேணாம், பழக்கதோஷம்' என்று திரும்பிவிட்டாராம்.

தையல்காரியின் வீட்டுக்கு முதல் முறை போனவர் அவர்தான். ஆறு தாளை ஒரு தாளாக வெட்டச் சொன்னார்கள். ஊராரின் உடுப்பையெல்லாம் குறுக்கிக் கொடுக்கிறவளுக்கு இதைக் குறுக்கக் கை வரவில்லை. தபாலக்காதான் பேனாவை வாங்கி அடித்தாள். மிஞ்சியது நாலே வரி: ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத் தரவும். கூர்மையான சாமான் எட்டவேண்டாம். சத்தமாகப் பேசவேண்டாம். என்னை யாரென்று கேட்டால் நர்ஸ் என்று சொல்லவும்.

கடைசி வரியை அடிக்கப் போன தபாலக்கா நிறுத்தினாள். "இது என்னம்மா?"

"அவருக்கு நான் நர்ஸ்தான். ஒன்றரை வருஷமா."

நாற்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மறதி நோய் முதலில் சாமான் பேர்களைத் தின்றது, பிறகு தெருக்களை, பிறகு ஒருநாள் காலையில் பெண்சாதியை. அன்று அவள் பாலைக் கொடுத்தபோது, "ரொம்ப நன்றி சிஸ்டர்" என்றார். அவளைக் கல்யாணத்துக்கு முந்தியிலிருந்தே அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாய் கூர் என்பதால் 'கத்திரி' என்பார். ஏய் கத்திரி, அடியே கத்திரி, கோபம் வந்தால் கத்திரியம்மா. அது நின்றுபோயிற்று. அவர் தன்னைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்றுகூட அவள் இப்போது கேட்கவில்லை. ஆசை சின்னதாகிவிட்டது. அந்தப் பேரை அவர் வாயால் இன்னொருதரம் கேட்டால் போதும்.

அந்தச் சனிக்கிழமை லாரிக்காரர் வந்ததும் அவள் கிளம்பினாள். கிளம்பி, ஒரு மாடி கீழே இறங்கி, படியிலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் தாங்கினாள். பிறகு போய் மணி அடித்தாள்.

கதவுக்கு உள்ளேயிருந்து லாரிக்காரர் குரல் வந்தது. "யாரு?"

"நான்தான்."

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. போங்கக்கா."

"இது என் வீடு!"

"அஞ்சு மணிக்கு உங்க வீடு."

வேறு வழியில்லாமல் கடைத்தெருவுக்குப் போய் நூல் வாங்கி வந்தாள்.

புதன்கிழமை லாரிக்காரர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை விரித்தார். பக்கத்து அறையில் அவள் வீட்டுக்காரர் மீன்தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"'வாங்க, உக்காருங்க'ன்னாரு. 'லாரியா ஓட்டுறீங்க, என்ன வண்டி'ன்னு கேட்டாரு. அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாரு. அப்புறம்…" அவர் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "'என் வீட்டுக் கத்திரி வர்ற நேரம். வந்தா உங்களைக் கேள்வி மேல கேள்வி கேட்டுத் துளைச்சிடுவா. இப்பவே கிளம்பினா தப்பிச்சீங்க.' இப்படி ரெண்டு தரம் சொன்னாரு."

அவர் நிமிர்ந்தபோது தையல்காரி முகத்தில் ஈயாடவில்லை.

"கத்திரின்னா சொன்னார்?"

"ஆமா. யாரது?"

"நான்தான்."

மேடம் மணிக்கடிகாரத்தின் திருகை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

தையல்காரிக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வந்தது பொறாமை. பசித்தவள் வீட்டு விருந்தை வழிப்போக்கன் சாப்பிட்டுவிட்டு ருசி சொன்னதுபோல இருந்தது. "ஒன்றரை வருஷமா வாயைப் பாத்துக்கிட்டிருக்கேன். முன்னே பின்னே தெரியாத உங்ககிட்ட சொல்லுவாராம், எங்கிட்ட சொல்ல மாட்டாராம்."

"நீ எப்பம்மா உக்காந்தே?" என்றாள் தபாலக்கா. "கையில ஸ்பூன், இல்லேன்னா மாத்திரை, இல்லேன்னா ஈரத்துணி. நர்ஸ்கிட்ட யாரு பெண்சாதி கதை சொல்லுவாங்க? விருந்தாளிகிட்டதான் சொல்லுவாங்க. பேசாம நீயே உன் வீட்டுக்கு முறைக்குப் போயிடு."

தபாலக்கா சிரிப்புக்குத்தான் சொன்னாள். மற்றவர்களும் சிரித்தார்கள். தையல்காரி சிரிக்கவில்லை. "போகலாமா?" என்று மேடத்தைப் பார்த்தாள்.

மேடம் யோசித்தாள். "போகலாம். ஆனா முறைக்குப் போறவங்க சட்டம் உங்களுக்கும் உண்டு. உக்காரணும். திருத்தக்கூடாது. 'அந்தக் கத்திரி நான்தான்'னு சொல்லிடக்கூடாது. சொன்னா குழம்பிடுவார். முடியுமா?"

"முடியும்" என்றாள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள், பாருங்கள்.

அவள் முறை வர நாலு வாரம் ஆயிற்று. அந்தச் சனிக்கிழமை தபாலக்கா வந்து வீட்டில் இருந்துகொண்டாள். தையல்காரி வெளியே போகும்போது போடும் நீலக் கோட்டை மாட்டி, தலையை வேறு மாதிரி வாரி, கீழே இறங்கிப் போய்த் தெருமுனையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து, தன் வீட்டு மணியைத் தானே அடித்தாள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பெண் பார்க்க வந்த அன்றுகூட இப்படி அடிக்கவில்லை.

"உங்களைப் பாக்க ஒருத்தங்க வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் தபாலக்கா சமையலறைக்குள் போய்விட்டாள்.

அவர் எழுந்து நின்றார். அந்த மரியாதையைப் பார்த்தே அவளுக்குப் பாதி உயிர் போயிற்று. "வாங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஆள் இருக்கு. இங்க சோபாவில உக்காருங்க."

ஜன்னலோரத்து நாற்காலி அவளுடையது. தையல் மெஷினுக்கு முன்னால் இருப்பது. அவள் சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் சோபாவில் உட்கார்ந்து தன் வீட்டை அவள் பார்த்ததே இல்லை. திரைச்சீலையின் அடிமடிப்பு ஒரு பக்கம் தொங்குகிறது. இது இத்தனை நாள் கண்ணில் படவில்லையே, ஊசியை எடுத்தால் இரண்டு நிமிஷ வேலை. கண்ணை அந்தப் பக்கமிருந்து பிடுங்கி அவர் மேல் வைத்தாள். அவர் பிஸ்கட்டைக் கடித்தார். துணுக்கு உதட்டோரம் ஒட்டி நின்றது.

"வெயில் எப்படி?" என்று கேட்டார்.

"பரவாயில்லை."

"எங்க வீட்ல…" என்று அவர் ஏதோ தொடங்கினார்.

துணுக்கு கீழே விழாமல் நின்றுகொண்டிருந்தது. அவள் கை அவளைக் கேட்காமலே கைக்குட்டையோடு எழுந்து போய் அவர் வாயைத் துடைத்துவிட்டு வந்தது. அவர் அந்தக் கையைப் பார்த்தார். முகத்தில் ஏறியிருந்த வெளிச்சம் இறங்கியது.

"மாத்திரை நேரமா சிஸ்டர்?" என்றார்.

அவ்வளவுதான். எட்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

புதன்கிழமை அவள் இதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்த வட்டத்தில் இருந்த எல்லோருக்கும் அந்தக் கை இருந்தது. பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் சட்டைக் காலரை மடித்துவிட்ட கை, கல்யாண வீட்டில் பக்கத்து ஆள் தட்டில் ரொட்டியைச் சின்னதாகப் பிய்த்துப் போட்ட கை.

லாரிக்காரர் ஒரு பிஸ்கட்டை எடுத்து நொறுக்கித் தன் மீசையில் தாராளமாகத் தூவிக்கொண்டார். "வாங்கக்கா. எதிர்ல உக்காருங்க. மேடம், ஆறு நிமிஷம் வைங்க. என் மீசையைத் தொடாம பேசிக்கிட்டிருக்கணும்."

"ஐயோ, எறும்பு வரும்!"

"வரட்டும். எறும்புக்கும் ஒரு லீவு வேணாமா?"

முதல் தடவை இரண்டு நிமிஷத்தில் தோற்றாள். இரண்டாம் தடவை நாலு. அடுத்த வாரம் தபாலக்கா கன்னத்தில் பற்பசையைத் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அதற்கடுத்த வாரம் லாரிக்காரர் சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார். தையல்காரியைக் கொல்ல அதைவிடப் பெரிய ஆயுதம் வேண்டுமா? அன்றைக்கு அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்தாள். மணி 'கிர்' என்றது. எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்து அறையிலிருந்து ஒரு பயிற்சி நர்ஸ் என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தாள்.

மறுபடி அவள் முறை வந்தது. மறுபடி வீட்டில் தபாலக்கா. மறுபடி நீலக் கோட். மறுபடி தெருமுனை. இந்தத் தரம் மணியை அடித்துவிட்டு, 'கத்திரி, கையை அடக்கு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்னபிறகுதான், ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேரைச் சொல்லித் தன்னைக் கூப்பிட்டது தானேதான் என்று உறைத்தது.

சோபாவில் உட்கார்ந்தாள். கைகளைத் தொடைக்கடியில் செருகினாள். அவர் வெயிலை விசாரித்தார். பாலில் நனைந்த ரொட்டி தாடையில் வழிந்தது. வழியட்டும். சட்டையில் சொட்டியது. சொட்டட்டும். அப்புறம் நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. இவ்வளவு நேரம் ஒன்றும் செய்யாமல் அவர் எதிரில் உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று என்று அவள் நினைத்தாள். அவர் காதோரம் நரைத்த முடி இவ்வளவு மெலிந்துவிட்டதா? தினமும் சீவிவிடுகிற தலைதான். சீவுகிறபோது தலை தெரியும், மனுஷன் தெரியமாட்டான்.

"நீங்க படி ஏறியா வந்தீங்க?" என்றார் அவர்.

"ஆமா."

"லிஃப்ட் ஓடலையா? என்னைக் கூப்பிட்டா பாத்துக் குடுப்பேனே." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு விஷயம் சொல்றேன், வெளியில சொல்லிடாதீங்க. ஒருதரம் ஆறு மாடிக் கட்டிடம் ஒண்ணு. மேல் மாடியில தையல் கம்பெனி. யூனிஃபாரம் தைப்பாங்க. லிஃப்ட் நின்னுபோச்சு, போனேன். கதவுத் தகடு கொஞ்சம் விலகியிருந்தது. இருபது நிமிஷ வேலை. முடிச்சிட்டேன். சாமானை எடுத்து வைக்கிறப்ப ஒரு பொண்ணு துணி மூட்டையைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் படியேறி வரா. ஏறும்போதே திட்டு. 'எவன்டா அந்த மெக்கானிக்? வாங்குற சம்பளத்துக்குக் கையை ஆட்டுறானா, காலை ஆட்டுறானா?' அப்படியே திட்டிக்கிட்டே அடுத்த மாடிக்குப் போயிட்டா. மிச்சம் எனக்குக் கேக்கலை."

தையல்காரி மூச்சை நிறுத்தினாள்.

"மிச்சத்தைக் கேக்கணும்போல இருந்தது. சரி செஞ்ச தகடைத் திரும்ப விலக்கி வச்சேன். 'வேலை நடக்கிறது'ன்னு பலகையை மாட்டினேன். மூணு நாள்! மூணு நாளும் ஏறினா, மூணு நாளும் திட்டினா. ஒருநாள் திட்டினது மறுநாள் வராது, பாத்துக்கோங்க. எல்லாம் புதுசு புதுசா. நாலாம் நாள் எங்க சூப்பர்வைசர் வந்துட்டாரு, இல்லேன்னா ஒரு மாசம் இழுத்திருப்பேன்." அவர் தோள் குலுங்கச் சிரித்தார். "அவளைத்தான் அப்புறம் கட்டிக்கிட்டேன்."

உதிரிச் சாமான் வெளியூரிலிருந்து வரவேண்டியிருந்ததாம். நாற்பத்தோரு வருஷமாக அவள் நம்பிக்கொண்டிருந்த கதை இது. மூன்று நாளும் ஒரு நாளைக்கு எட்டு நடை, ஆறு மாடி. முழங்கால் வீங்கி வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு தூங்கினாள். அந்த மெக்கானிக்கே நாலாம் நாள் வந்து, 'பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்க' என்று டீ வாங்கிக் கொடுத்தபோது, நல்ல மனுஷன் என்று உருகியிருக்கிறாள்!

அடப்பாவி மனுஷா. சொல் தொண்டைவரை வந்துவிட்டது. மூட்டை கனத்தை நீ தூக்கிப் பாத்தியா, என் முட்டி இன்னிக்கு இப்படி ஆனதுக்கு நீதானா காரணம், டீயும் வாங்கிக் குடுத்தியே கிராதகா. வார்த்தைகள் முண்டியடித்துக்கொண்டு நின்றன. இதுவரை கையைத்தான் அடக்கப் பழகியிருந்தாள். வாயை அடக்கப் பழகவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அவங்ககிட்ட இதைச் சொன்னீங்களா?" என்று விருந்தாளிக் குரலில் கேட்டாள்.

"எங்க! சொன்னா வருஷம் பூரா சேர்த்துத் திட்டுவா."

"திட்டட்டுமே."

அவர் சிரிப்பு மெல்ல நின்றது. ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தார். "திட்டினாத்தானே வீட்ல இருக்கான்னு தெரியும். இப்ப கொஞ்ச காலமா வீட்ல சத்தமே இல்லைங்க. எங்கயோ போயிட்டா. யாரோ ஒரு நர்ஸம்மா வராங்க. தங்கமானவங்க. ஒரு கடுஞ்சொல் கிடையாது. எல்லாத்துக்கும் 'சரிங்க, பரவாயில்லைங்க'ன்னு சொல்லுவாங்க. குறையே சொல்லமுடியாது." பிறகு, "ஆனா அவங்க நல்லவங்களா இருக்க இருக்க, இவ வரமாட்டாளோன்னு தோணுது" என்றார்.

அவளுக்குக் கண் மறைத்தது. டாக்டர் சொன்ன அன்றிலிருந்து அவள் குரலை உயர்த்தியதில்லை. எதிர்த்துப் பேசியதில்லை. பாலைத் துப்பினாலும் பரவாயில்லைங்க, புதுத் துணியைக் கிழித்தாலும் பரவாயில்லைங்க. அவர்தான் தன்னை மறந்துவிட்டார் என்று ஒன்றரை வருஷமாக அழுதாளே, அவர் தேடுகிறவளைத் தானேதான் வெளியே அனுப்பிவிட்டு வந்திருக்கிறாள்.

"சரி, நீங்க கிளம்புங்க" என்று அவர் எழுந்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க. கத்திரி வர்ற நேரம். வீடு இப்படிக் கிடக்கிறதை அவ பாத்தா…" வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

கேட்க ஆசைப்பட்ட பேர் காதில் விழுந்துவிட்டது. படியில் இறங்கும்போது தையல்காரிக்குப் பசி இன்னும் கூடியிருந்தது.

புதன்கிழமை அவளே தன் தாளைப் படித்தாள். இடையில் இரண்டு முறை நின்றாள். தபாலக்கா முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். 'வேலை நடக்கிறது' பலகை வந்தபோது லாரிக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். நர்ஸம்மா தங்கமானவங்க என்ற இடம் வந்தபோது அவரே மூக்கைச் சிந்தினார். மணிக்கடிகாரம் ஆறு நிமிஷம் தாண்டி அடித்தது. மேடம் அதைக் காதில் வாங்கவில்லை.

"நீங்க திட்டலையா?" என்று லாரிக்காரர் கேட்டார்.

"திருத்தக்கூடாதுன்னு சட்டமாச்சே."

"திட்டுறது எப்படிக்கா திருத்துறதாகும்? எங்கம்மா படுக்கையில விழற வரைக்கும் என்னைத் திட்டினா. ஒருநாளாவது திருந்தினேனா?"

எல்லோருக்கும் சிரிப்பு. அழுகையும் கலந்த சிரிப்பு.

"டாக்டர் சத்தம் போடக்கூடாதுன்னார்" என்றாள் தையல்காரி மேடத்தைப் பார்த்து. "பயந்துட்டார்னா?"

"எனக்கும் தெரியலைக்கா" என்றாள் மேடம். "பயந்துடலாம். முகத்தைப் பாத்துக்கிட்டே இருங்க. சுருங்கினா நிறுத்திடுங்க. சுருங்கலைன்னா… அது உங்க ரெண்டு பேர் பாடு. எங்க சட்டத்துல அது இல்லை."

"அவர் திரும்ப என்னைத் தெரிஞ்சுக்கமாட்டார்தானே?"

"மாட்டார்னுதான் நினைக்கிறேன்."

"சரி" என்றாள். தெரிந்த பதில்தான். ஆனாலும் பத்துப் பேர் நடுவில் கேட்டுக்கொண்டால் கொஞ்சம் தாங்கமுடிகிறது.

கூட்டம் கலைந்தது. பக்கத்து அறையில் அவர் மீன்தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பயிற்சி நர்ஸ் அவருக்கு மேல்சட்டையை மாட்டிவிட்டிருந்தாள். தையல்காரி பக்கத்தில் போனாள். வழக்கமாக, 'போகலாங்களா?' என்பாள். இன்று அந்தச் சொல்லை விழுங்கினாள்.

"ஏன்யா" என்றாள். குரல் துருப்பிடித்த கத்திபோல வந்தது. ஒருதரம் கனைத்துக்கொண்டாள். "ஏன்யா, மூணு நாள்! மூணு நாள் என்னை ஆறு மாடி ஏறவிட்டு வேடிக்கை பாத்தியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா? தகடு விலகிச்சாம், பலகை மாட்டினாராம். என் முழங்காலு உனக்கு என்னய்யா பாவம் பண்ணிச்சு?"

பயிற்சி நர்ஸ் திடுக்கிட்டு ஒரு அடி பின்னால் போனாள். கதவோரத்தில் தபாலக்காவும் லாரிக்காரரும் மூச்சுவிடாமல் நின்றார்கள். தையல்காரி யாரையும் பார்க்கவில்லை, அவர் முகத்தை மட்டும் பார்த்தாள்.

முகம் சுருங்கவில்லை. அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து நின்றார். தூரத்தில் படியேறிப் போகிற குரலைப் பிடிக்கப் பார்க்கிறவர்போல.

அவளுக்கு மூச்சு வாங்கியது. பழக்கம் விட்டுப்போன வாய், இவ்வளவுதான் வந்தது. நிறுத்திவிட்டாள்.

"அப்புறம்?" என்றார் அவர்.

"என்ன அப்புறம்?"

"மிச்சம்?"

அவள் அவர் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டாள். இருவரும் வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தார்கள். கடைகளில் சாயங்கால விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த டீயிலிருந்து தொடங்கினாள். டீயில் சர்க்கரை இல்லாததைச் சொன்னாள். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி லிஃப்டைச் சரிசெய்யப் போய்விட்டு மூன்று மணி நேரம் கழித்து வந்ததைச் சொன்னாள். எண்ணெய்க் கையோடு வெள்ளைத் துணியைத் தொட்டதை, தங்கச்சி கல்யாணத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத் திட்டினாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். அவர் அவள் நடைக்கு நடை போட்டுக்கொண்டு, ஒரு சொல்லும் கீழே விழாதபடி கேட்டுக்கொண்டு வந்தார்.

திருப்பத்தில் அவர் நின்றார். அவளை நன்றாகத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க வீட்லயும் ஒருத்தி இருக்கா" என்றார். "இதே மாதிரிதான் பேசுவா. அவ வந்ததும் ஒருநாள் வாங்க. உங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போகும்."

அவர் சட்டையில் மேல் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. இருக்கட்டும் என்று விட்டாள்.

"எப்ப வருவா?" என்று கேட்டாள்.

"வர்ற நேரம்தான்" என்றார் அவர். பிறகு, அவள் கையை லேசாக இழுத்து, "ம்… அந்தக் கல்யாண வீட்ல அப்புறம் என்ன ஆச்சு?" என்றார்.